ஊட்டியில் நிறுத்திய காரைக் காணோமா? வரிசையாகச் செய்ய வேண்டியவை

சீசன் நேரம். சேரிங் கிராஸ் பக்கம் காரை ஓரங்கட்டிவிட்டு வர்க்கி வாங்கப் போனீர்கள். திரும்பி வந்தால் காரைக் காணோம். பதறாதீர்கள், போலீஸ் தூக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 1: கார் நின்ற இடத்தைப் படம் எடுங்கள். நோ பார்க்கிங் போர்டு இருக்கிறதா, மரக்கிளை எதுவும் அதை மறைக்கிறதா என்று தெரிய வேண்டும். போர்டே இல்லை என்றாலும் வளைவிலும் மேட்டு உச்சியிலும் நிறுத்தக் கூடாது. மலை ரோட்டில் பாதி இடம் இதிலேயே போய்விடும்!

படி 2: பக்கத்தில் நிற்கும் டிராஃபிக் போலீஸிடம் வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது 112-ஐ அழையுங்கள். அவர்கள் தூக்கவில்லை என்றால் உடனே திருட்டுப் புகார் கொடுங்கள்.

படி 3: யார் உத்தரவு என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 127-ஆம் பிரிவின்படி, தடை செய்த இடத்தில் நின்றாலோ, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடந்தாலோ வண்டியை இழுக்கலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். ஆனால் அந்தப் பகுதிக்கு அதிகாரமுள்ள, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி சொல்ல வேண்டும். கிரேன்காரர் தன்னிஷ்டத்துக்குத் தூக்க முடியாது.

படி 4: பணம் கட்டுவதற்கு முன் காரைச் சுற்றி வாருங்கள். நான் இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடாமல் யார் போவார்கள்? முன்பக்கத்தைத் தூக்கி அப்படியே இழுத்து வந்திருக்கிறார்கள். பின் டயர் இரண்டும் சுழலாமல் தேய்ந்து, ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று இருந்தன. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அதற்குள் கையெழுத்துப் போட்டாயிற்று. டயர், பம்பர், அடிப்பாகம் எல்லாவற்றையும் அங்கேயே படம் எடுத்து, சேதம் இருந்தால் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

படி 5: அபராதம் வேறு, இழுவைக் கூலி வேறு. இரண்டும் நம் தலையில்தான், ஆனால் தனித்தனி ரசீது கேளுங்கள். 177-ஆம் பிரிவில் செலான் போட்டால் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500. ஆர்.சி., லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

படி 6: செலான் தவறு என்றால் கட்டாதீர்கள், கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கோர்ட்டில் சொல்லலாம், அப்போது படி 1-இல் எடுத்த படம் கைகொடுக்கும். வெளியூர்க்காரர் என்றால் 500 ரூபாய்க்காக மறுபடி மலையேற வேண்டியிருக்கலாம், அதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.