ஓப்பனிங் புத்தகம் பாதியில் நிற்கிறதா?

செஸ் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரபலமான வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காரோ-கான் (வெள்ளையின் 1.இ4-க்குக் கறுப்பு சி6 என்று பதில் சொல்லும் ஓப்பனிங்) என்றால் பிரபலமான 3.இ5-க்கே நாற்பது பக்கம் போய்விடும், அபூர்வமான 2.சி4-க்கு வரும்போது தெம்பு இருக்காது. அதனால் தலைகீழாகத் தொடங்குங்கள். அபூர்வமாக வரும் நகர்வுகளை முதலில் முடித்துவிடுங்கள்.

ஒரே நிலைக்கு இரண்டு வழி இருந்தால் ஓர் இடத்தில் மட்டும் அலசினால் போதும். 1.இ4 சி6 2.சி4 டி5 3.இ×டி5 சி×டி5 4.டி4 என்று வந்தாலும் சரி, 2.டி4 டி5 3.இ×டி5 சி×டி5 4.சி4 என்று வந்தாலும் சரி, காரோ-கானில் பானோவ் தாக்குதல் எனப்படும் அதே நிலைதான்.

எங்கே நிறுத்துவது? கறுப்பின் அடுத்த திட்டத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிற இடத்தில்.

புத்தகத்தை முடிக்கவிடாத எமன் இன்ஜின், அதாவது நகர்வுகளை அலசும் கணினி நிரல்தான். ராத்திரி ஓடவிட்டால் காலையில் வேறு நகர்வைக் காட்டும். ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் இன்ஜின் தரும் மதிப்பீடு அரைச் சிப்பாய் (0.5) அளவுக்கு மாறினால் மட்டும் திருத்துங்கள், 0.2 என்பது 0.3 ஆனதற்கெல்லாம் கோப்பைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, அச்சுப் பிரதியைப் பார்த்து நிஜப் பலகையில் ஆடிப் பாருங்கள். இரண்டு குதிரையும் டி7-க்குப் போகக்கூடிய இடத்தில் எது என்று எழுதாமல் விட்டது அப்போதுதான் தெரியும்.