கெட்டபோலுக்கு மண் உருண்டை: எல்லாம் ஒரே நிறையில் வர

கெட்டபோல் (கவைத்தடியில் ரப்பர் கட்டிக் கல் அடிக்கிற கவண்) குறி தவறினால் கனபேர் கையைத்தான் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் ரப்பரை மாற்றுவார்கள். நானும் மூன்று தரம் சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டிப் பார்த்தவன். பிறகு ஒருநாள் பொக்கற்றுக்குள் கிடந்த கற்களைத் தராசில் போட்டேன்: ஒன்று 2 கிராம், இன்னொன்று 6. ஒரே இழுவையில் இலேசானது வேகமாகப் போகும், பாரமானது மெதுவாகப் போய்க் கூடுதலாகத் தாழும். விநாடிக்கு 40 மீற்றர் வேகத்தில் போகிற உருண்டை 10 மீற்றரில் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் தாழும், 35 மீற்றர் வேகம் என்றால் 40. வித்தியாசம் 10 சென்ரிமீற்றர், பெரிய மீன் ரின் ஒன்றின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

கண்ணாடிப் போளை ஒரே அளவுதானே என்பீர்கள். சரிதான், ஆனால் மதிலில் பட்டால் திரும்பி முகத்துக்கு வரும், உடைந்தால் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மண் என்றால் பட்ட இடத்திலேயே பொடிப்பொடி.

முதலில் மண். எங்கள் வளவுச் செம்மண்ணை அப்படியே எடுக்காதீர்கள், அதற்குள் சுண்ணாம்புக் கல் துணுக்கு இருக்கும். கொஞ்ச மண்ணில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. வற்றின குளத்துக் களி நல்லது. எதுவானாலும் வாளியில் கரைத்துப் பழைய நுளம்பு வலைத் துண்டில் வடித்து, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, சப்பாத்தி மாப் பதம் வரும்வரை துணியில் கட்டித் தொங்க விடுங்கள். (வீட்டு அரிதட்டை எடுத்து நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் கேட்கிறது.)

இனித்தான் முக்கியமான இடம். கண்மதிப்பில் கிள்ளி உருட்டாதீர்கள். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் நிறை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், அதைக் கண் பிடிக்காது. 5 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் சிரிஞ்ச் ஒன்று புதிதாக வாங்கி, நுனியை நேராக அறுத்து விடுங்கள். களியை காற்றுக் குமிழி இல்லாமல் இறுக்கி அடைத்து, கோடு பார்த்து 2 மில்லிலீற்றர் தள்ளி, நூலால் அறுத்து, ஈரக் கையில் மெதுவாக உருட்டினால் 15 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய உருண்டை வரும். காய்ந்தால் சுருங்கும். எல்லாம் ஒரே களி என்றால் ஒரே அளவாகத்தான் சுருங்கும், ஆகவே இரண்டு நாள் களிகளைக் கலக்க வேண்டாம்.

சுளகில் பரப்பித் தாவாரத்து நிழலில் நாலு நாள், அப்புறம் ஒருநாள் வெயில். அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் வெளித்தோல் இறுகும், உள்ளே ஈரம் நிற்கும், பிளக்கும். சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் சாக்கால் மூடுங்கள். சுடலாமா என்றால் தேவையில்லை. சுண்ணாம்புத் துணுக்கு மிஞ்சியிருந்தால் நெருப்பில் அது நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, உருண்டையை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும்.

காய்ந்த பிறகு சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். எனக்கு 3 கிராம் சொச்சம் வந்தது. 0.2 கிராமுக்கு மேல் விலகினதைத் திரும்பக் கரைத்து விடலாம்.

சோதிக்க, மதிலோரம் காட்போட் அட்டை வைத்து 10 மீற்றரில் ஐந்து அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். துளைகள் மேலும் கீழுமாகச் சிதறினால் நிறையிலோ இழுவை நீளத்திலோ பிழை, பக்கவாட்டில் என்றால் உருண்டை வைத்து இழுக்கிற தோலை விடுகிற விரலில் பிழை. குருவி, அணில் பக்கம் திருப்ப வேண்டாம், இலங்கையின் 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் ரின் அடிக்கிற சத்தமே போதும்.

மிச்சத்தைப் பால்மா ரின்னில் உமி போட்டு இறுக்கி மூடுங்கள். மாரியில் ஈரம் பிடிக்கும், அடிக்க முதல் திரும்ப ஒருக்கால் நிறுத்துப் பாருங்கள்.