பழைய மாருதி 800: காலைக் கடுக்க வைக்கும் ஆக்ஸிலரேட்டரை இலகுவாக்குவது எப்படி?

தாம்பரம் தாண்டி திருச்சி ரோட்டில் செங்கல்பட்டு போவதற்குள் வலது கால் கடுக்கிறதா? சோக் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய இழுக்கும் குமிழ்) கேபிள் ஒன்றை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை ஒரே இடத்தில் லாக் செய்து, காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓட்டும் குரூஸ் கன்ட்ரோல் போல ஆக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். உண்மையான குரூஸ் கன்ட்ரோல் வேகத்தைப் பார்த்து த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) கூட்டிக் குறைக்கும், பிரேக்கைத் தொட்டதும் விட்டுவிடும். இந்த லாக்குக்கு வேகமும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறும். இறங்கும்போது வேகமெடுக்கும். நீங்கள் பிரேக் மிதித்தாலும் எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பெடல் கனமாக இருந்தால் முதலில் பெடலையும் த்ராட்டிலையும் இணைக்கும் ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பாருங்கள். கடற்காற்று படும் ஊரில் கேபிள் துருப்பிடிக்க அதிக காலம் ஆகாது. இங்கே சொல்வது கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள மாடலுக்கு.

10, 12 எம்.எம். ஸ்பேனர், மூக்கு பிளையர், டார்ச், மெல்லிய ஸ்ப்ரே எண்ணெய், பழைய துணி போதும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள்.

கார்பரேட்டர் பக்கம் கேபிள் முனையைக் கழற்றுங்கள். இப்போது த்ராட்டில் லீவரைக் கையால் திருப்பி விடுங்கள். அது டக்கென்று திரும்பி மூடினால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ இருக்கிறது. லீவரே இறுக்கமாக இருந்தால் கார்பரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். பெடலை இலகுவாக்குகிறேன் என்று ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மட்டும் தொட்டுவிடாதீர்கள்; அது பலவீனமானால் காலை எடுத்தாலும் த்ராட்டில் மூடாது.

அடுத்து பெடல் பக்கமும் கழற்றி, கேபிளை முழுதாக வெளியே எடுங்கள். இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு கம்பியிழை பிரிந்திருந்தாலும் புது கேபிள்தான். அந்த இழை உறையின் வாயில் சிக்கினால் த்ராட்டில் திறந்தபடியே நின்றுவிடும். சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகளுக்குப் போகும்போது பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோய் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய கேபிள் மலிவாகக் கிடைத்தாலும் இதற்கு வேண்டாம்.

இழைகள் நன்றாக இருந்தால், கேபிளைத் தொங்கவிட்டு, மேல் முனையில் எண்ணெய் அடியுங்கள். கீழே சுத்தமான எண்ணெய் சொட்டும்வரை உள்கம்பியை மேலும் கீழும் ஆட்டுங்கள். கிரீஸ் போடக் கூடாது, தூசியைப் பிடித்து மறுபடி இறுகும்.

மாட்டும்போது கூர்மையான வளைவு வேண்டாம். கேபிள், சூடாகும் சைலன்சர் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) படவும் கூடாது. சோக் போடாமல், பெடலை விட்ட நிலையில் உள்கம்பியில் சில எம்.எம். தளர்வு இருக்குமாறு பிராக்கெட்டில் உள்ள இரண்டு நட்டுகளையும் நகர்த்தி இறுக்குங்கள். தளர்வே இல்லையென்றால் ஐடில் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறும். அதிகமானால் முழுதாக மிதித்தாலும் த்ராட்டில் முழுதாகத் திறக்காது. உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று நீங்கள் பானெட் பக்கம் நின்று பாருங்கள்.

கால்மிதி பெடலில் மாட்டுகிறதா என்றும் பார்த்துவிட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுப் பலமுறை மிதித்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் உடனே ஐடிலுக்கு இறங்க வேண்டும். இறங்காத வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். ஓடும்போது எப்போதாவது சிக்கினால், கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள். வண்டி நின்ற பிறகே சாவியைத் திருப்புங்கள். ஓட்டத்தில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.