சொலானாவா, எத்தேரியமா: எண்ணிப் பார்த்து எழுதுங்கள்

திருகோணமலையில் சனிக்கிழமைகளில் என்னிடம் படிக்க வரும் ஒன்பது பேரிடம் சொலானா, எத்தேரியம் என்ற இரண்டு பிளாக்செயின் வலையமைப்புகளை (பல கணினிகள் சேர்ந்து பேணும் பதிவேடுகளை) ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். ஏழு பேர் முதல் வரியிலேயே நான் விழுந்த அதே குழியில் விழுந்திருந்தார்கள்: "சொலானா செக்கனுக்கு 3,000 பரிவர்த்தனை, எத்தேரியம் 15." மிச்ச இருவர் எழுதவேயில்லை.

நாணய விலையைப் பார்த்துத் தரம் சொல்வது போன்ற பிழைகள் தாமாகத் தெளிந்துவிடும். இது தெளியாது.

வாக்கையும் பரிவர்த்தனையாக எண்ணுவது

சொலானாவில் சுமார் 400 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பரிவர்த்தனைகளின் தொகுதி ஒன்று சங்கிலியில் சேரும். அதைச் சரிபார்க்கும் ஒவ்வொரு கணினியும் போடும் வாக்கு, ஒரு பரிவர்த்தனையாகவே சங்கிலியில் பதிவாகி வந்திருக்கிறது. ஆயிரம் சரிபார்ப்பாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு இரண்டரைத் தொகுதி, ஆக 2,500 வாக்குகள். ஒருவரும் ஒரு சதம் அனுப்பாத நேரத்திலும் பரிவர்த்தனை மானி அவ்வளவு காட்டும். எத்தேரியத்திலும் வாக்களிப்பு உண்டு. அது பரிவர்த்தனைக் கணக்கில் சேராது. கொழும்பு பஸ்ஸின் சாரதியையும் நடத்துநரையும் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் புதிய பயணிகளாக எண்ணினால் எப்படியிருக்கும்?

மீன் வியாபாரி ஒருவர், கொழும்புக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு அழிக்க முடியாத பதிவு கேட்டார். அந்தப் பெரிய எண்ணை நம்பி மூன்று கிழமை நிரல் எழுதினேன். அறிக்கையை வாசித்த அவருடைய மகள் பென்சிலால் எண்ணைச் சுற்றி வட்டமிட்டு, "அண்ணா, இதில் ஆட்கள் செய்தது எத்தனை?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். வேலையும் போனது, கூலியும் போனது. வியாபாரிக்குத் தேவைப்பட்டதோ நாளுக்கு நாற்பது பதிவு! இரண்டில் எதுவும் அதைத் தூக்கத்திலேயே செய்திருக்கும்.

வாக்குகளைக் கழித்தாலும் சொலானா முன்னால்தான் நிற்கும். ஒன்றோடொன்று மோதாத பரிவர்த்தனைகளை அது ஒரே வேளையில் இயக்குகிறது. எத்தேரியம் ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகிறது. ஆனால் அந்த இடைவெளி இருநூறு மடங்கு அல்ல. வாக்குகளைச் சங்கிலிக்கு வெளியே கொண்டுபோகும் அல்பென்குளோ மாற்றத்துக்குச் சரிபார்ப்பாளர்கள் 2025 இல் ஒப்புதல் அளித்துவிட்டார்கள். அது நடைமுறைக்கு வந்து மானி இறங்கும் நாளில், "சொலானா மெதுவாகிவிட்டது" என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள்.

65,000

சொலானாவால் செக்கனுக்கு இத்தனை பரிவர்த்தனை முடியும் என்பார்கள். அது விளம்பரத் தாளிலேயே இருக்கட்டும்.

தொகுதி வந்ததும் முடிந்தது என்று நினைப்பது

எத்தேரியத்தில் 12 செக்கனுக்கு ஒரு தொகுதி வரும். அது இறுதியாக உறுதிப்படச் சுமார் 13 நிமிடம் ஆகும். எந்த நேரத்தை ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

வரலாற்றுச் சான்று முறை

சொலானாவில் எது முன், எது பின் என்று நேர வரிசை காட்டும் முறை (Proof of History) இது. அது கடிகாரம். வாக்கெடுப்பு அல்ல.

நின்ற மணித்தியாலங்களை மறப்பது

2021 செப்டம்பர் 14 அன்று தானியங்கி நிரல்கள் பரிவர்த்தனைகளைக் கொட்டியதில் சொலானா சுமார் 17 மணித்தியாலம் நின்றது. 2024 பெப்ரவரி 6 அன்று மீண்டும் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். எத்தேரியத்தைப் பல குழுக்கள் தனித்தனியே எழுதிய மென்பொருள்கள் தாங்குகின்றன. ஒன்றில் பிழை வந்தால் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். வேகத்தில் எத்தேரியம் கொடுத்த விலை இங்கே திரும்பி வருகிறது. ஏழு தாள்களில் ஒன்றில்கூட இந்தத் திகதிகள் இல்லை. ஏழையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.