பழைய டிஜிட்டல் வாட்ச்சில் எண்கள் சரியாகத் தெரியவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

எண்களில் பாதிக் கோடுதான் தெரிகிறது, எட்டு மூன்றாகிவிட்டது, அல்லது மொத்தமும் வெறுமையாக இருக்கிறது என்றவுடன் 'டிஸ்ப்ளே போச்சு' என்று வாட்ச்சை ஓரங்கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் எண்களைக் காட்டும் உள் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும், அதற்கும் சர்க்யூட் போர்டுக்கும் நடுவே உள்ள தொடர்புதான் விட்டுப்போயிருக்கும். அதை வீட்டிலேயே சரி செய்யலாம்.

நான் சொல்வது எல்சிடி வாட்ச்சுகளுக்கு, அதாவது சாம்பல் நிறப் பின்னணியில் கருப்பு எண் எப்போதும் தெரிகிற வகை. 1972-இல் வந்த பல்சர் மாதிரி பட்டனை அழுத்தினால் மட்டும் சிவப்பாக எரிகிற எல்இடி வாட்ச்சின் கதையே வேறு, அதில் இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது.

திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். எல்லா எண்களும் ஒரே மாதிரி மங்கலாக, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். சில்வர் ஆக்சைடு பேட்டரி புதிதில் 1.55 வோல்ட் காட்ட வேண்டும், லித்தியம் என்றால் 3 வோல்ட். விலை குறைவு என்று அதே அளவு அல்கலைன் பேட்டரியைப் போடாதீர்கள், அதன் வோல்டேஜ் படிப்படியாக இறங்குவதால் டிஸ்ப்ளேயும் கூடவே மங்கும், ஒழுகவும் செய்யும். கருப்பு மை கொட்டினாற்போல ஓரத்திலிருந்து கறை பரவியிருந்தால் கண்ணாடியின் சீல் உடைந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது, அதே மாட்யூல் (உறைக்குள் இருக்கும் இயங்கு பகுதி) எண் உள்ள இன்னொரு வாட்ச்சிலிருந்து கண்ணாடியை எடுத்து மாற்ற வேண்டியதுதான். (கேசியோவில் அந்த எண் பின்மூடியில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும்.) பழுப்பாகவோ மஞ்சளாகவோ ஆகியிருந்தால் மேலே ஒட்டிய போலரைசர் ஃபிலிம், அதாவது ஒளியை வடிகட்டி எண்களைக் கருப்பாகக் காட்டும் மெல்லிய தாள், கெட்டிருக்கிறது.

சில கோடுகள் மட்டும் காணோம் என்றால்தான் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாட்யூலை வெளியே எடுத்து, பல்குச்சியால் கண்ணாடியின் விளிம்பை லேசாக அழுத்துங்கள். காணாமல் போன கோடு எட்டிப் பார்த்தால் குறை தொடர்பில்தான், சந்தேகமே வேண்டாம்.

இனி பிரித்து வேலை பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அலாரத்துக்கான குட்டி ஸ்ப்ரிங் ஒன்று எங்கேயாவது தெறித்து விழும், அது எந்தத் துளையில் இருந்தது என்று அப்புறம் யோசித்து லாபமில்லை. பேட்டரியைக் கழற்றி, போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையோ கொக்கிகளையோ விடுவித்தால் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டை இருக்கும். அதுதான் ஜீப்ரா ஸ்ட்ரிப். மின்சாரம் கடத்துகிற ரப்பரும் கடத்தாத ரப்பரும் மாறி மாறி அடுக்கிய பட்டை அது, கம்பியோ சால்டரோ இல்லாமல் வெறும் அழுத்தத்தால் மட்டுமே வேலை செய்கிறது. அதனால்தான் தூசி, விரல் எண்ணெய், பேட்டரி ஒழுகிய உப்பு என்று எது படிந்தாலும் கோடு போய்விடுகிறது.

பட்டையை விரலால் தொடாமல் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியில் துடையுங்கள். போர்டில் உள்ள தங்க நிறத் தொடுபுள்ளிகளையும், அதற்கு நேராகக் கண்ணாடி விளிம்பையும் அதே போல. கண்ணாடி விளிம்பில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும், ஆனால் அங்கே ஒளி ஊடுருவும் கடத்திப் பூச்சு இருக்கிறது, அழுத்தித் தேய்த்தால் அதுவும் போய்விடும். போலரைசர் ஃபிலிம் மேல் ஆல்கஹால் படாமல் பாருங்கள். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ஃபிலிமையும் கரைத்துவிடும். வெள்ளையோ பச்சையோ உப்பு படிந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வினிகர் தொட்ட பட்ஸால் கரைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

சுத்தம் செய்தும் கோடு வரவில்லையா? ரப்பர் வயதாகி அமுங்கியிருக்கலாம். பட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், அழுத்தம் கூடும்படி கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் விளிம்பில் மெல்லிய டேப் ஒரு அடுக்கு ஒட்டலாம். ஒரு அடுக்கு போதும், அதிகமானால் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடியைச் சோதிக்கிறேன் என்று பேட்டரியை நேராக அதன் விளிம்பில் வைக்காதீர்கள், எல்சிடிக்கு மாறு மின்சாரம்தான் ஒத்துக்கொள்ளும், நேர் மின்சாரம் அதை மெல்ல அரித்துவிடும்.

போலரைசர் மாற்றுவது பொறுமைக்காரர்களுக்கான வேலை. பழைய ஃபிலிமை ஒரு மூலையிலிருந்து பிளேடால் மெதுவாகக் கிளப்பி உரித்து, மிஞ்சிய பசையைத் துடைத்து, வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய ஃபிலிமை மேலே வைத்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் எண் கருப்பாகப் பளிச்சென்று தெரியும், அதைக் குறித்துக்கொண்டு வெட்டி ஒட்டுங்கள். 90 டிகிரி திருப்பி ஒட்டினால் கருப்புப் பின்னணியில் வெளிச்ச எண்கள் கிடைக்கும், சிலர் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், எனக்கென்னவோ பழைய வாட்ச்சுக்கு அது ஒட்டவில்லை.

பேட்டரி போட்டதும் கிறுக்கல் கிறுக்கலாக ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். பல கேசியோ மாட்யூல்களில் ஏசி (ஆல் கிளியர், மாறு மின்சாரம் அல்ல) என்று எழுதிய புள்ளி இருக்கும், அதையும் பேட்டரியின் பிளஸ் பக்கத்தையும் உலோக இடுக்கியால் ஓரிரு நொடி தொட்டால் ரீசெட் ஆகிவிடும். மூடியைப் போடும் முன் விநாடி எண்கள் ஒரு நிமிடம் ஓடுவதைப் பாருங்கள், மணி, நிமிட எண்களையும் பட்டனால் ஒரு சுற்று ஓட்டுங்கள், எந்தக் கோடாவது இன்னும் ஒளிந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.