மூத்த வடிவியலாளரின் பணிக்கு மாநாடு: எங்கிருந்து தொடங்குவது

மூத்த வடிவியலாளர் ஒருவரின் பணியைச் சிறப்பிக்க ஒரு மாநாடு நடத்த வேண்டும். அமைப்புக் குழு கூடியதும் முதலில் பேச்சாளர் பட்டியலில்தான் கை வைப்பார்கள். சறுக்கலும் அங்கேதான். பெரிய பெயர்கள் இருபது சேரும், ஆளுக்கொரு தலைப்பு பேசுவார்கள். ஐந்து நாள் உட்கார்ந்த ஆராய்ச்சி மாணவருக்கு அந்த மூத்தவர் என்ன செய்தார் என்பது மட்டும் பிடிபடாது. பட்டியலுக்கு முன்னால் அவருடைய கணிதத்தை ஒரு தாளில் கிளை கிளையாக வரையுங்கள்.

இந்தியக் கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரியின் பணியை எடுத்துக்கொள்வோம். எம். எஸ். நரசிம்மனோடு சேர்ந்து 1965இல் அவர் வெளியிட்ட தேற்றம், கச்சிதமான (compact) ரீமான் பரப்பு ஒன்றின் மேலுள்ள டிகிரி 0 கொண்ட ஸ்டேபிள் வெக்டர் பண்டில்களை (பரப்பின் புள்ளிதோறும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டிய அமைப்புகள்), அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்தின் (பரப்பில் வரையும் மூடிய பாதைகளால் ஆன குலம்) பகுக்க முடியாத யூனிட்டரி ரெப்ரசென்டேஷன்களோடு, அதாவது அந்தக் குலத்தை யூனிட்டரி அணிகளாக எழுதும் வழிகளோடு, பொருத்துகிறது. 1983இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் டொனால்ட்சன் அதற்கு வேறு வழியில் நிரூபணம் தந்தார். 1987இல் இன்னொரு பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஹிட்சின் அதை, ஹிக்ஸ் புலம் என்ற கூடுதல் அமைப்பும் சேர்ந்த ஹிக்ஸ் பண்டில்களுக்குக் கொண்டுபோனார். அந்த ஹிக்ஸ் பண்டில்களிலிருந்து பிறக்கும் ஹிட்சின் ஃபைப்ரேஷனைக் கையாண்டு, எண் கோட்பாட்டோடு தொடர்புடைய ஃபண்டமென்டல் லெம்மாவை நிரூபித்த கணிதவியலாளர் ங்கோ பாவ் சாவுக்கு 2010இல் ஹைதராபாத்தில், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இது ஒரு கிளை. சேஷாத்ரி மேத்தாவோடு செய்த பாரபோலிக் பண்டில்கள் (சில புள்ளிகளில் மட்டும் கூடுதல் அமைப்பு கொண்ட பண்டில்கள்) இன்னொன்று. லட்சுமிபாய், முசிலியோடு வளர்த்த, சில வடிவியல் வெளிகளின் சார்புகளுக்கு வெளிப்படையான அடித்தளம் (basis) தரும் ஸ்டாண்டர்டு மோனோமியல் கோட்பாடு மூன்றாவது. கிளைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்றைய முதல் உரை மாணவருக்கான அறிமுகமாகவே இருக்கட்டும். அதற்குப் புகழ்பெற்றவரைவிட நன்றாகக் கற்பிப்பவரே பொருத்தம்.

நாளுக்கு 4 உரை, புதன் பிற்பகல் ஓய்வு என்றால் 5 நாளில் 18 இடம். 14 பேரை அழையுங்கள். மீதி நான்கையும் முனைவர் பட்டம் முடித்து ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கு வைத்திருங்கள். உரை 50 நிமிடம், கேள்விக்கு 10, தேநீருக்கு முழுதாக 30. தேநீரை 15 நிமிடமாக வெட்டிவிட்டு ஐந்தாவது உரையைச் செருகாதீர்கள். பாதிக் கணிதம் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அரங்கைத் தேர்ந்தெடுக்கும் முன் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். யாரையாவது கரும்பலகையின் அடிப்பகுதியில், கீழ்க்குறியீட்டோடு ஒரு சமன்பாடு எழுதச் சொல்லுங்கள். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மேலும் கீழும் நகரும் பலகை உள்ள அரங்கைத் தேடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு முறை பாருங்கள்: மேற்கு ஜன்னல் வெயில் பட்டால் பலகையில் பாதி வெறும் பளபளப்புதான். வடிவியலாளர் பலகை பக்கம் திரும்பியே பேசுவார். மேசை மைக் உதவாது, காலர் மைக் வேண்டும், மாற்று பேட்டரியோடு. கேள்வி கேட்பவருக்கும் ஒரு கை மைக் கொடுங்கள். மூத்தவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். தன் தேற்றத்தைப் பற்றிய கேள்வி அவருக்கே கேட்காமல் போவதைப் போன்ற வேதனை வேறில்லை.

அவருக்கு முன்வரிசையில் நடைபாதை ஓரத்து இருக்கை. நினைத்தபோது எழுந்து போகலாம். பக்கத்து அறையில் ஒரு சாய்வு நாற்காலி. உரையாற்ற விருப்பமா என்று மூன்று மாதம் முன்பே தனியாகக் கேளுங்கள், மேடையில் வைத்துக் கேட்காதீர்கள். பாராட்டுப் பேச்சுகளை விருந்து மாலை ஒன்றோடு முடித்துவிடுங்கள். சேஷாத்ரி கர்நாடக இசை கற்றுப் பாடியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு மணி நேரக் கச்சேரி எந்தப் பொன்னாடையையும்விட மேல். குழுப் படத்தை இரண்டாம் நாள் மதிய உணவுக்கு முன் எடுங்கள். முதல் நாள் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள், கடைசி நாள் பெட்டியோடு கிளம்பியிருப்பார்கள்.

வேலையை 15 மாதம் முன்பே தொடங்குங்கள். இந்தியாவில் நடந்தால் வெளிநாட்டவருக்கு மாநாட்டு விசா வேண்டும். அரசு அனுமதிகளுக்கு நாளாகும் என்பதால் அழைப்புக் கடிதங்களை ஆறு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். மாணவர் பயணப்படியை வந்து இறங்கிய அன்றே கொடுங்கள். பில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்க அவர்களால் முடியாது.

மாநாட்டை ஒட்டி வரும் கட்டுரைத் தொகுப்பான மலர் தாமதமாகும், அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். ஹிட்சினின் 70ஆம் பிறந்த நாளுக்கு 2016இல் ஆர்ஹுஸ், ஆக்ஸ்ஃபோர்டு, மாட்ரிட் ஆகிய மூன்று ஊர்களில் மாநாடு நடந்தது. இரண்டு தொகுதி மலர் வந்தது 2018இல். கட்டுரைக்கு ஆறு மாதக் கெடு வையுங்கள், ஆய்விதழைப் போலவே மதிப்பீட்டாளருக்கு அனுப்புங்கள். மலரின் பின்னிணைப்பாக அவருடைய கட்டுரைகளின் முழுப் பட்டியலை, அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சேருங்கள். வெளியாகாத குறிப்புகள் ஏதாவது அலமாரியில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டு, அனுமதியோடு ஸ்கேன் செய்துவிடுங்கள்.