யானைக்கால் நோய்ப் பரிசோதனை: புதுக் கருவிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் முழுக்கப் பல ஆண்டுகள் மாத்திரை கொடுத்தாகிவிட்டது. இனி நிறுத்தலாமா? யானைக்கால் நோய் ஒழிப்பில் இன்று ஒரு பரிசோதனை பதில் சொல்ல வேண்டிய பெரிய கேள்வி இதுதான். புதுக் கருவி உருவாக்கப் பணம் ஒதுக்கும்போது இதை மறந்து, எல்லா வேலைக்கும் ஒரே கருவி வேண்டும் என்று கேட்பதுதான் முதல் தவறு. மருந்தை நிறுத்தும் முடிவுக்கு ஒன்று, அதற்குப் பிந்தைய கண்காணிப்புக்கு ஒன்று என்று உலக சுகாதார நிறுவனமே 2021-இல் கருவி எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையைத் தனித்தனியாக வெளியிட்டது.

அடுத்தது, ஒரு தொற்றுகூடத் தப்பக் கூடாது என்பதிலேயே குறியாக இருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 10 பேருக்குத்தான் தொற்று. மீதி 990 பேரில் 5 சதவீதம் பேருக்குக் கருவி தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டினால், அதுவே ஏறக்குறைய 50 பேர். அந்தப் பத்துப் பேரையும் சரியாகப் பிடித்தாலும், வந்த 60 ‘பாசிட்டிவ்’களில் 50 பொய். இதை நம்பி ஊருக்கே மறுபடி மாத்திரை கொடுப்பதா? நோய் குறையக் குறைய, தொற்று இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறனுக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்கள் ஒரே வகை அல்ல; எந்தப் புழு என்று கேட்காமல் விடுவதும் நடக்கிறது. விரல்நுனி ரத்தத்தை விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்க்கும் இப்போதைய பரிசோதனைப் பட்டை, வுச்செரேரியா புழுவின் ஆன்டிஜனை (புழு ரத்தத்தில் விடும் புரதம் போன்ற அடையாளப் பொருளை) காட்டும். யானைக்கால் நோய் தரும் இன்னொரு புழுவான புரூஜியா மலாயியைக் காட்டாது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் காலங்காலமாக இருந்தது புரூஜியாதான். நோய் ஒழிப்புச் சான்று பெற்ற இலங்கையிலும் அது மறுபடி தலைகாட்டியிருக்கிறது. மத்திய ஆப்பிரிக்காவில் சிக்கல் நேர்மாறு: லோவா லோவா என்ற வேறொரு நோயின் புழு ரத்தத்தில் மிகுந்தவர்களுக்கு, யானைக்கால் தொற்றே இல்லாமலும் பட்டையில் கோடு விழும்.

களத்தையும் பாருங்கள். அந்தப் பட்டையைச் சரியாக 10 நிமிடத்தில் படிக்க வேண்டும்; தாமதித்தால் இல்லாத கோடு தெரியலாம். பள்ளி வராந்தாவில் வரிசையாக நிற்கும் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு விரலில் குத்திக்கொண்டே, ஒவ்வொரு பட்டைக்கும் கடிகாரம் பார்க்கும் சுகாதாரப் பணியாளரை மனதில் வைத்து வடிவமைக்க வேண்டும்.

அப்புறம், ரத்த மாதிரிகள். நோய் குறைந்தால் தொற்று உறுதியானவர்களும் அரிதாவார்கள். இப்போதே அவர்களின் ஒப்புதலோடு மாதிரிகளைச் சேமிக்காவிட்டால், நாளை புதுக் கருவியைச் சோதித்துப் பார்க்கக்கூட ரத்தம் கிடைக்காது.